வெயில் குடித்த பேட்டரிகள்

போன வாரம் தக்கலை தாண்டி ஓர் ஆக்கர் கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பழைய இரும்பையும் பிளாஸ்டிக்கையும் எடைக்கு எடுக்கிற கடை அது. கால் உடைந்த நாற்காலிகளுக்கும் துருப்பிடித்த டேபிள் ஃபேனுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு மூலை நீட்டிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியிலிருந்து இதை எப்படியம்மா பார்த்தாய் என்று கேட்டார். சந்தையில் கண் முன்னால் கிடக்கிற அழுகின மீனைப் பார்த்து ஒதுக்கத் தெரியாதவள் நான்; அதை வைத்துத்தான் அந்தக் கேள்வி. ஆனால் கீபோர்டு விஷயத்தில் எனக்குக் கழுகுக்கண்.

ஆமாம், கீபோர்டு. பேட்டரி போட்டு மடியில் வைத்து வாசிக்கிற சின்ன கீபோர்டு. முப்பத்திரண்டு கட்டை, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அகலம். கடைக்காரத் தம்பிக்கு மனசாட்சி அதிகம்போல. "இது பாடாதுக்கா. பிள்ளையளுக்கு வெளையாடக் குடுக்கலாம், அவ்வளவுதான்" என்றான். அந்தப் பிள்ளையே நான்தான் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. பேட்டரி வைக்கிற இடத்தில் பச்சையாகப் பூத்திருந்த உப்பைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, பென்சில் அழிக்கிற ரப்பரால் கம்பிகளைத் துடைத்து, புது பேட்டரி போட்டு ஒரு கட்டையை அமுக்கினேன் பாருங்கள், பாடிவிட்டது! நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார். பாம்பு என்று நினைத்தாராம்.

உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். இன்றைக்குச் செல்போனுக்குள்ளேயே நூறு வாத்தியம் இருக்கிறது, வயலின் என்றால் அசல் வயலின் போலவே கேட்கிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை! இந்தப் பழசுகளில் 'வயலின்' என்று எழுதியிருக்கும். அமுக்கினால் சளிப்பிடித்த வண்டு ஒன்று உள்ளே இருந்து முனகும். 'புல்லாங்குழல்' என்று எழுதியிருக்கும். அதே வண்டு, சளி கொஞ்சம் குறைந்திருக்கும். 'சம்பா' என்கிற தாளப் பட்டனைத் தட்டிவிட்டால் தகர டப்பாவில் உளுந்தைப் போட்டுக் குலுக்கியது மாதிரி ஒரு சத்தம். எதுவும் எதைப்போலவும் இருக்காது, அது அதுவாகவே இருக்கும். கேட்டால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்த்துப் போகிறது. வைத்த குழம்பு அடிப்பிடிக்கிற வரைக்கும் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

துடைத்து முடித்து அதை முகர்ந்தும் பார்த்தேன். ஆக்கர் கடை நாற்றத்துக்கு அடியில் லேசாக, ரொம்ப லேசாக, அந்த வாசம் இருந்தது. கல்ஃப் பெட்டியைத் திறக்கும்போது வருமே, சோப்பும் பவுடரும் பூச்சி உருண்டையும் புதுத்துணியும் கலந்து ஒன்று. குலசேகரம் பக்கம் எங்கள் வீட்டில் ஆண்டு முழுக்கக் கொடியில் காய்கிற ரப்பர் ஷீட்டின் புளித்த வாடைதான். மஸ்கட்டிலிருந்து சின்ன மாமா, என் அம்மாவின் தம்பி, பெட்டியோடு வந்து இறங்கினால் இரண்டு நாளைக்கு ரப்பர் வாடை தோற்றுப்போகும். அப்படி ஒரு தடவை பெட்டிக்குள்ளிருந்து தெர்மோகோல் பொடிந்து பறக்க ஒரு கீபோர்டு வெளியே வந்தது. என் அண்ணனுக்கு.

அண்ணன் எங்கள் சபையில் காலால் மிதித்து வாசிக்கிற ஆர்கனை வாசித்துக்கொண்டிருந்தவன். மிதிக்காமலே பாடுகிற பெட்டியைக் கண்டதும் அவன் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்கமுடியாது. மூன்று நாள் யாரையும் தொடவிடவில்லை. நான் தொட்டால் "ஏட்டி, கையில எண்ணெ" என்பான். கழுவிவிட்டு வந்தால் "ஏட்டி, கையில ஈரம்" என்பான். ஒரு வருஷம் இப்படி. பிறகு அதே மாமா விசா அனுப்ப, கீபோர்டை விட்டுவிட்டு அவன் மஸ்கட்டுக்குக் கிளம்பினான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் செய்த காரியம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். அந்தக் கீபோர்டில் வாசிப்பதை ஞாபகம் வைத்துக்கொள்கிற வசதி உண்டு. ஒரே ஒரு பாட்டுத்தான் கொள்ளும். புதிதாக ஒன்றை வாசித்தால் பழையது போய்விடும். அவன் சொந்தமாகக் கட்டிய ஒரு மெட்டை அதில் வாசித்துப் பதிந்தான். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அம்மாவைக் கூப்பிட்டுப் பச்சைப் பட்டனைக் காட்டி, "எப்பம் கேக்கணும்னாலும் இத அமுக்கும்மா, நான் வாசிப்பேன்" என்றான். என்னிடம் தனியாக, பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் அழிந்துவிடும், மாற்றவேண்டுமென்றால் அடாப்டரைக் கரண்டில் குத்திவைத்துக்கொண்டு மாற்று என்று சொன்னான். நான் சரியென்று தலையாட்டினேன். அம்மாவிடம் இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை பாருங்கள், அங்கே இருக்கிறது என் மூளை.

அப்போது வீட்டில் போன் கிடையாது. கடிதம் வர மூன்று வாரம் ஆகும். ஆகவே அம்மாவுக்குப் பிள்ளை என்றால் அந்தப் பச்சைப் பட்டன்தான். சாயங்கால ஜெபம் முடிந்ததும் பட்டனை அமுக்குவாள். மெட்டு முடிகிற வரைக்கும் யாரும் பேசக்கூடாது. அப்பாகூட வாயில் வெற்றிலையோடு அசையாமல் இருப்பார்.

ஐந்து மாதம் ஓடியது. நான் ப்ளஸ் டூ முடித்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வகுப்பு விட்டு வந்தேன். முற்றத்தில் பாய் விரித்து மரச்சீனிக் கிழங்கு வற்றல் காய்கிறது. பாயின் ஓரத்தில் வரிசையாக நாலு பேட்டரி. அம்மா பக்கத்தில் குச்சியோடு உட்கார்ந்து காக்கா விரட்டிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்க சத்தம் கொஞ்சம் எளச்சுப்போச்சு மக்களே. அதான் வெயிலு கொள்ள வச்சிருக்கேன்" என்றாள்.

எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற காரியம்தான் அது. டார்ச் மங்கினால், ரேடியோ கம்மினால், பேட்டரியை எடுத்து வெயிலில் போடுவோம். கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். ஆனால் கழற்றினால் அழிந்துவிடும் என்று அண்ணன் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அள்ளிக்கொண்டுபோய் உள்ளே போட்டுப் பச்சைப் பட்டனை அமுக்கினேன். ஒன்றும் இல்லை. மறுபடி அமுக்கினேன். பாடுகிறதா என்று முற்றத்திலிருந்து அம்மாவின் குரல் வருகிறது. பேட்டரி சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்று கத்தினேன். எப்படி வந்தது அந்தப் பொய் என்று இன்றுவரை தெரியவில்லை.

நல்லவேளையாக அன்றைக்கு அம்மாவுக்கு ஜெபக்கூட்டம். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்கு இரண்டு மணிநேரம் கிடைத்தது. எண்ணெயும் ஈரமுமான என் கையை முதல் தடவையாக அந்தக் கட்டைகளின் மேல் முழுசாக வைத்தேன். மெட்டு காதில் அச்சடித்தது மாதிரி இருந்தது, விரல்தான் தேடவேண்டியிருந்தது. டைப்ரைட்டிங் கைகொடுத்தது. கட்டையைப் பார்க்காமல் அடி, பார்க்காமல் அடி என்று அங்கே ஸ்கேலால் தட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் அல்லவா. பதிகிறபோது ஒரு விரல் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அழுதுகொண்டே வாசித்தேன் என்பது மட்டும் ஞாபகம். வாசல் கேட் கிரீச்சிடுகிற நேரத்தில் கடைசிச் சுரம் விழுந்தது.

சாயங்காலம் ஜெபம் முடிந்தது. அம்மா பட்டனை அமுக்கினாள். மெட்டு ஓடி முடிந்தது. அம்மா, "நடுவுல ஒரு எடத்துல நிப்பாம்லா? நான் சாயாவுக்குக் கூப்பிட்டப்பம் அவன் கை நின்னது. அதக் காணல்லியே" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படி ஒரு நிறுத்தம் இருந்ததை நான் கவனித்ததே இல்லை. தினம் கேட்டும் என் காது அதைத் தாண்டிப் போயிருக்கிறது. பேட்டரி வெயில் குடித்துவிட்டது இல்லையா, அதனால் நிற்காமல் ஓடுகிறது என்றேன். அம்மா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு! தன் கைராசியை மெச்சிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

வினை அத்தோடு முடிந்ததா? இல்லை. வெயில் காட்டினால் பிள்ளை நன்றாக வாசிக்கிறான் என்று தெரிந்துவிட்டதே! அடுத்த சனிக்கிழமையும் நாலு பேட்டரியும் பாயில். அதற்கடுத்த சனிக்கிழமையும். மழைக்காலத்தில் அடுப்பு மேட்டில். இனி வேண்டாம் என்று சொல்லவும் முடியாது; சொன்னால் காரணம் கேட்பாள், காரணம் சொன்னால் மகனைத் தன் கையாலேயே அழித்தேன் என்று நொறுங்கிப்போவாள். ஆக, சனிக்கிழமை காலையில் அம்மா அழிப்பாள், மத்தியானம் அவள் ஜெபக்கூட்டத்துக்குப் போனதும் நான் எழுதுவேன். இரண்டு வருஷம்!

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது கொண்டாட்டமாகிவிட்டது. சனிக்கிழமை எப்போது வரும் என்று இருக்கும். நாலாவது வாரமே அழாமல் வாசித்தேன். பிறகு சம்பா தாளம் சேர்த்தேன். புல்லாங்குழலை வயலினாக மாற்றினேன். அம்மா கேட்டால் பேட்டரி. எல்லாப் பழியும் புகழும் பேட்டரிக்கே. வாரத்துக்கு வாரம் அண்ணன் தேறிக்கொண்டே வந்தான். "கொள்ளாம், நல்லா வாசிக்கான்" என்று அப்பா ஒருநாள் வாய்திறந்து சொன்னார். ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. இன்றைக்கு என் வீட்டு அலமாரி முழுக்கக் கீபோர்டு அடுக்கிவைத்திருக்கிற கிறுக்கு அங்கே பிடித்ததுதான்.

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் லீவில் வந்தான். பெட்டி திறப்பதற்கு முன்னாலேயே அம்மா அவனை உட்காரவைத்துப் பட்டனை அமுக்கினாள். சம்பாவும் வயலினுமாக அவன் மெட்டு கிளம்பியது. அவன் கண் கீபோர்டிலிருந்து மெதுவாக என் விரல்களுக்கு வந்தது. நான் கையைப் பாவாடைக்குள் மறைத்தேன். அம்மா, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "நான் இவ்வளவு நல்லாவா வாசிச்சேன்?" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

பின்னால் ரப்பர் தோட்டத்தில் வைத்து என்னிடமிருந்து கறந்துவிட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், மரத்தில் சாய்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு, அன்றைக்கு வாசித்ததை வாசித்துக்காட்டு அண்ணா, நடுவே எங்கேயோ நிற்குமாமே என்று கேட்டேன். வீட்டுக்குள் வந்ததும் கீபோர்டை மடியில் எடுத்தான். அவன் விரலில் வந்தது நான் வாசித்த மெட்டு. மறுபடி தொடங்கினான். மறுபடியும் என்னுடையதுதான். இப்போது கேட்டதுதான் வருகிறது, பழசு வரமாட்டேன் என்கிறது என்றான்.

நிற்கிற இடம் அம்மாவுக்குத் தெரியும் என்று எனக்கு அப்போதும் தைரியம். அவள் முற்றம் பெருக்கும்போது அந்த மெட்டை முனகுவாள். கீபோர்டு எப்படிப் பாடினாலும் அவள் முனகல் மட்டும் அந்த இடத்தில் நிற்கும், ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடரும். சம்பா தாளம் சேர்த்த புதிதில் எனக்குக் கலைஞர் என்ற நினைப்பு வேறு. அங்கே நிற்காதே அம்மா, தாளம் போகிறது என்று நானே ஒரு தடவை திருத்தியிருக்கிறேன். அதை மறந்தே போயிருந்தேன்.

அண்ணன் அம்மாவைக் கூப்பிட்டு, தன் மெட்டை முனகச் சொன்னான். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே தொடங்கினாள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை நேராகப் போய்விட்டாள்.

"ஒரு எடத்துல நிக்கும்லாம்மா?" என்றான்.

"முன்ன நிக்கும். இவதான் நிக்காண்டாம்னு சொன்னா" என்று என்னைக் காட்டினாள். மறுபடி முனகிப்பார்த்தாள். பாதியில் விட்டுவிட்டு, "நிக்க எடம் மறந்துபோச்சு மக்களே" என்றாள்.

அண்ணன் இப்போது ஊரோடு வந்துவிட்டான். அம்மா இல்லை. ஒவ்வொரு கீபோர்டு வீட்டுக்கு வரும்போதும் நான் முதலில் வாசிப்பது அந்த மெட்டைத்தான். போன வாரம் வந்ததிலும் வாசித்தேன். கை எங்கேயும் நிற்கவில்லை.