எண்ணெய்க்கென்று ஒரு கொடி

எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால், குடைகளோடு குடையாக, ஒரு கொடி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. மஞ்சள் துணியில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடுகள். ஒரு மூலையில் தார்க் கறை, எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் போகவில்லை. தண்டு மட்டும் இந்த ஊர்த் தண்டு, வீடு கூட்டும் பழைய தும்புத்தடியின் பிடி. மின்சார மீற்றர் பார்க்க வருகிறவர் ஒருமுறை இது எந்தக் கட்சியின் கொடி என்று கேட்டார். கோயில் கொடி என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட உறவுக்காரரும் உண்டு. நான் இரண்டு பேரையும் திருத்தவில்லை. வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டு வாசலில் நின்றபடி, எங்கேயோ தூரக் கடலில் கிடக்கும் தீவொன்றின் மோட்டார் சைக்கிள் பந்தயத்தையும் என் அம்மாவையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லி முடிக்க என்னால் ஆகாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் புறக்கோட்டையில் சிறிய இரும்புச் சாமான் கடை. மோட்டார் சைக்கிளில்தான் போய்வருவார். காலி வீதி முழுவதும் சோதனைச் சாவடிகள் நின்ற காலம் அது. அடையாள அட்டையை நீட்டி நீட்டிச் சலித்துப்போய், பாமன்கடைப் பக்கத்தால் சுற்றி வரப் பழகியிருந்தார். ஒரு மாலை, மழை விட்ட கையோடு, அங்கே ஒரு வளைவில் ஏதோ லொறி எண்ணெயை ஒழுகவிட்டுப் போயிருக்கிறது. அப்பாவுக்கு முன்னரே இரண்டு பேர் வழுக்கி விழுந்து, முழங்காலைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனார்களாம். சனம் கூடி நின்று பார்த்ததாம். கொஞ்சம் மேலே நடந்துபோய், வருகிறவனுக்குக் கை காட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அப்பா போய்விட்டார்.

மறுநாள் காலை தம்பி அந்த இடத்தைப் பார்க்கப் போனான். அப்போது அவன் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்து, "அக்கா, இப்ப கிளை வச்சிருக்கினம்" என்றான். எங்கள் நாட்டில் வீதியில் வாகனம் பழுதாகி நின்றாலோ குழி விழுந்தாலோ ஒரு பச்சைக் கிளையை முறித்து நடுவீதியில் வைப்பார்கள். எழுத்து வாசனை இல்லாதவனுக்கும் அது விளங்கும். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அந்தக் கிளையும் அப்படித்தான். நான் அன்று அழுததைவிட அந்தக் கிளையை நினைத்துக் கோபப்பட்டது அதிகம்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட்ட சனம் போனபிறகு, அம்மா தம்பியை அப்பாவின் படத்தின் முன்னால் கூட்டிக்கொண்டு போனார். அவன் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தார். "மோட்டார் சைக்கிளில ஏற மாட்டன் எண்டு சொல்லு." அவன் சொன்னான். சொன்னதைக் காப்பாற்றவும் செய்தான். கொழும்பில் அவனோடு படித்தவர்கள் எல்லாம் சைக்கிளை முறுக்கிக்கொண்டு பறந்தபோது, இவன் கொட்டாஞ்சேனையில் வேலைக்குப் போக இரண்டு பஸ் மாறிப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினான். "அம்மான்ர பிள்ளை" என்று பட்டமும் வைத்தார்கள். ஒரு நாள்கூட அவன் அதைச் சொல்லிக் குறைப்பட்டதில்லை.

பிறகு இங்கிலாந்துக்குப் போனான். அங்கிருந்து, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுக்கடலில் இருக்கிற மான் தீவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போய்ச் சேர்ந்தான். அம்மா யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள ஒரு தீவில் பிறந்தவர். மகன் தீவுக்குப் போகிறான் என்றதும் அவர் கேட்ட முதற்கேள்வி, "குடிதண்ணி நல்லதோ?" என்பதுதான். உவர்க்கிணற்றுக் காணியில் வளர்ந்தவருக்கு வேறு என்ன தோன்றும்? தண்ணீருக்குக் குறைவில்லை, மழைதான் நிற்பதில்லை என்று அவன் சொன்னபிறகே பயணத்துக்குச் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கதைப்பான். அம்மா அந்தத் தீவைப் பற்றி விடுத்து விடுத்துக் கேட்பார். அங்கே வாலில்லாத பூனைகள் இருக்கின்றன என்றால், "பாவம், ஆர் வெட்டினது?" என்பார். ஹெரிங் மீனைப் புகையில் போட்டு வைக்கிறார்கள் என்றால், "எங்கட கருவாடு போல" என்று திருப்திப்படுவார். வைக்கிங்குகள் வந்து ஆண்டதும், அந்தக் காலம் தொட்டு அவர்களுக்கென்று ஒரு சபை இருப்பதும், வருடத்தில் ஒரு நாள் சிறு குன்றொன்றின் மேல் நின்று புதிய சட்டங்களைச் சனத்துக்கு உரத்து வாசிப்பதும் அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போயின. "இங்கிலீஷ், தங்கட பாஷை எண்டு இரண்டிலயும் வாசிப்பினம் அம்மா" என்று தம்பி சொன்னபோது, அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர்களுடைய சொந்தப் பாஷையை வீட்டில் பேசிப் பிறந்தவர்கள் எல்லாரும் செத்துப்போய், இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் திரும்பவும் படிக்கிறார்களாம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்தவர்களைக் கடற்கரை விடுதிகளில் போட்டு, சுற்றி முட்கம்பி அடித்து வைத்திருந்தார்களாம். அதைக் கேட்ட அம்மா, "எல்லா இடத்திலயும் கம்பி ஒண்டுதான்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு பாலத்தைப் பற்றியும் சொன்னான். அதன் கீழே கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு மனிதர்கள் குடியிருப்பதாக நம்பிக்கை. கடக்கும்போது அவர்களுக்கு வணக்கம் சொல்லாமல் போனால் வழியில் ஏதாவது நடக்குமாம். பஸ்ஸில் இருக்கிற சனம் முழுவதும் ஜன்னலைப் பார்த்து முணுமுணுக்குமாம். நான் சிரித்துவிட்டேன். வன்னி வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் ஒரு வாகனத்தையும் போகவிடாத அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீயும் சொல்லிப்போட்டுப் போ தம்பி. உனக்கென்ன குறையப் போகுது?"

இவ்வளவையும் சொன்ன தம்பி, அந்தத் தீவை உலகம் அறிந்திருப்பதே மோட்டார் சைக்கிள் பந்தயத்தால்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைக் கனடாவிலிருந்து சின்னம்மா சொன்னார். தம்பியின் படமொன்று எப்படியோ அவருடைய போனுக்குப் போயிருந்தது. செம்மஞ்சள் மேலங்கி, கையில் தடித்த கையுறை, பக்கத்தில் பந்தய மோட்டார் சைக்கிளோடு ஒருவன். கீழே சின்னம்மா எழுதியிருந்தார்: "அக்கா, மகன் ரேஸ் ஓடுறாராம், சொல்லவேயில்லை?" உலை வாயை மூடலாம், சின்னம்மாவின் வாயை மூட யாராலும் முடியாது.

அம்மா போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அந்த ஞாயிறு அவன் அழைத்தபோது சாமியறைக்குள் போய்விட்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே. "அக்கா, நான் ஓடேல்லை. கொடிதான் பிடிக்கிறன்" என்று அவன் மன்றாடினான். நான் போய்ச் சொன்னேன். "கொடி பிடிக்கிறவனுக்கு ஏன் கையுறை?" என்றார் அம்மா. குளிருக்கு என்றேன். "நீ அவனுக்கு வக்காலத்து வாங்காதை. அவன் என்ர தலையில கை வச்சவன்." இருப்பது ஒரே மகன், அதுவும் கடலுக்கப்பால். அவன் குரலைக் கேட்க ஆசையாகத்தான் இருந்திருக்கும். அழைப்பு மணி அடிக்கும்போது சாமியறைக் கதவை அவர் முழுதாகச் சாத்தியதில்லை. ஆனாலும் வெளியே வரவில்லை. மாதங்கள் போயின. தம்பி மெலிந்து தெரிந்தான். இப்படியே இருந்து இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம் பிடித்தது.

அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். பந்தயம் மைதானத்தில் நடப்பதல்ல. தீவின் சாதாரண வீதிகளைத்தான் அதற்காகப் பூட்டுவார்கள். கல்மதில்களையும் வீட்டு வாசல் படலைகளையும் உரசுகிற மாதிரி, ஒருவர் பின் ஒருவராக நேரத்தோடு போட்டி போட்டு ஓடுவார்கள். எத்தனையோ பேரை அந்த வீதி தின்றிருக்கிறது. பாதை நெடுகிலும் வளைவுக்கு வளைவு கொடியோடு ஆட்கள் நிற்பார்கள். மார்ஷல்கள் என்று பெயர். சம்பளம் கிடையாது, ஊர்ச் சனம்தான் முன்வந்து நிற்கும். ஆட்கள் போதாவிட்டால் பந்தயமே தொடங்காது. தம்பியோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் வீடு அவன் நிற்கும் வளைவுக்கு எதிரே இருந்தது. அவர் தன் தோட்டத்து மதிலுக்குள் நின்று வீடியோவில் காட்டுவதாக ஏற்பாடு. இங்கே மாலை, அலுவலகக் கோச்சி கடற்கரைத் தண்டவாளத்தில் போகிற நேரம். நான் அம்மாவைக் கையில் பிடித்து இழுத்து வந்து இருத்தினேன்.

முதலில் அந்தப் பெண்ணின் முகம் வந்தது. தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "சிலோன் டீ" என்றார். அம்மா மரியாதைக்குத் தலையசைத்தார். பிறகு வீதி தெரிந்தது, மதில் தெரிந்தது, மதிலுக்கு அப்பால் செம்மஞ்சள் அங்கியோடு தம்பி. முதல் மோட்டார் சைக்கிள் சத்தம் வந்ததுமே அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அது போய்விட்டது. இன்னொன்று. இன்னொன்று. கண்ணைத் திறந்தபோது தம்பி ஒரு கொடியை எடுத்திருந்தான். மஞ்சளில் சிவப்புக் கோடு போட்டது. இரண்டு கைகளாலும் விரித்து, தலைக்கு மேலே உயர்த்தி, ஆடாமல் அசையாமல் நின்றான். வளைவுக்குள் சாய வந்தவன் அதைக் கண்டு நிமிர்ந்தான். வேகம் குறைந்தது. மெல்லச் சுற்றிப் போனான். அடுத்தவனும் அப்படியே.

அன்று தம்பி அழைத்தபோது அம்மாவே போனை எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை. "அது என்ன கொடி?" என்றார்.

"றோட்டில எண்ணெய் கொட்டிக் கிடந்தது அம்மா. வழுக்கும். பாத்து வாங்கோ எண்டு காட்டுற கொடி."

அம்மா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். "எண்ணெய்க்கெண்டே ஒரு கொடி வச்சிருக்கினமோ?"

"ஓம் அம்மா."

"அண்டைக்கு இஞ்ச ஒரு சீலைத் துண்டுகூட இல்லாமப் போச்சே, தம்பி."

அவ்வளவுதான். அப்பாவின் செத்தவீட்டில்கூட அப்படி அழாதவர், குந்தியிருந்து அழுதார். அந்தப் பக்கத்தில் தம்பியும் அழுதான். அவன் ஏன் அந்த வளைவில் போய் நின்றான் என்பது எனக்கும் அப்போதுதான் விளங்கியது. பாமன்கடையில் மறுநாள் கண்ட கிளையை அவன் அந்தத் தீவுவரைக்கும் சுமந்துகொண்டு போயிருக்கிறான்.

லீவில் வந்தபோது, பழசாகிக் கழித்த கொடி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொண்டுவந்தான். அம்மா தோய்த்து மடித்து, அப்பாவின் வேட்டியோடு அலுமாரியில் வைத்தார். அது அங்கேயே கிடக்கும் என்றுதான் நினைத்தேன். ஒரு மழைநாள், வேலை முடிந்து வருகிறேன், எங்கள் ஒழுங்கை காலி வீதியில் ஏறுகிற இடத்தில் ஒரே ஹோன் சத்தம். பார்த்தால் அம்மா. வீட்டுச் சட்டையோடு, தலை நனைய, தும்புத்தடிப் பிடியில் கட்டிய கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். லொறி ஒன்று எண்ணெயைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. ஒழுங்கை முனையில் ஓட்டோ வைத்திருக்கும் சிங்களப் பெடியன், "அம்மே, மொக்கத மே?" என்று, இது என்னவென்று கேட்டுச் சிரிக்கிறான். அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "தெல், புத்தே, தெல். ஹெமின் யன்ன" என்கிறார். எண்ணெய், மகனே, மெல்லப் போ. எனக்கு வெட்கமாக இருந்தது. "அம்மா, காய்ச்சல் வரப் போகுது, வாங்கோ" என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

அப்போது முதுகில் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிய ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான். கொடியைக் கண்டு, கீழே பார்த்து, காலை ஊன்றி, ஓரமாக உருட்டிக்கொண்டு போனான். அம்மா அவன் முதுகு மறையும்வரை பார்த்தார். "இவன் இண்டைக்கு வீட்டை போய்ச் சேருவான், பிள்ளை" என்றார். பக்கத்துக் கட்டட வேலைத்தலத்திலிருந்து ஓட்டோப் பெடியன் மணல் கொண்டுவந்து பரவும்வரை அவர் நகரவில்லை. நானும் நகரவில்லை. அன்று முதல் கொடி அலுமாரிக்குப் போகவில்லை, கதவுக்குப் பின்னால் வந்துவிட்டது.

அம்மா போன வருடம் காலமானார். கொள்ளி வைக்க வந்த தம்பி திரும்பும்போது, கொடியைக் கொண்டுபோ என்றேன். "இஞ்சதான் வேணும் அக்கா. அங்க எங்களிட்டக் கனக்க இருக்கு" என்று வைத்துவிட்டுப் போனான். அதை நான் யாருக்காக வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

போன கிழமை நல்ல மழை. பின்னேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். ஓட்டோப் பெடியன். மூன்று மாடி ஏறிய மூச்சோடு, "அக்கே, அம்மாகே கொடிய தென்ன" என்றான். அம்மாவின் கொடியைத் தாருங்கள். கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பல்கனிக்குப் போய்க் கீழே பார்த்தேன். ஒழுங்கை முனையில், மழைக்குள், அவன் இரண்டு கைகளாலும் கொடியைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்து, ஆடாமல் அசையாமல் நின்றான். வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் ஒவ்வொருவராக மெல்லப் போய்க்கொண்டிருந்தார்கள்.