நீல எலெக்ட்ரான்

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் அணு டீச்சர்தான். கரும்பலகையில் வட்டத்துக்குள் வட்டம் போட்டே காலம் தள்ளியவர். பிள்ளைகள் விடுகிற கொட்டாவி பொறுக்காமல், மாட்டினால் எதையும் நேரில் பார்ப்பதுபோலக் காட்டும் வி.ஆர். கண்ணாடி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வரவழைத்தார். "பரீட்சையில வகுப்பு தேறினா கண்ணாடி இங்க இருக்கும். இல்லன்னா வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிடும்" என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

கண்ணாடியை மாட்டிய வகுப்பு வாயைப் பிளந்தது. அணுவுக்குள் நின்றுகொண்டு எலெக்ட்ரானைப் பிடிக்கக் காற்றில் கைபோட்டுத் துழாவியது. கொட்டாவி போன இடம் தெரியவில்லை. டீச்சருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அதெல்லாம் விடைத்தாளைப் பிரிக்கும் வரைதான். 'எலெக்ட்ரானின் பண்புகளை எழுதுக' என்ற கேள்விக்கு, "நீலமாக இருக்கும், லேசாக மினுங்கும்" என்று முதல் தாள் சொன்னது. அடுத்ததும் அதையே சொன்னது. காப்பியோ என்று பார்த்தால் வகுப்பு மொத்தமும் நீலம். எதிர்மின்சுமை என்று எழுத ஓர் ஆள் இல்லை. கண்ணாடி செய்த புண்ணியவான் ஏதாவது ஒரு கலர் போட்டாக வேண்டுமே, போட்டுத் தொலைத்திருக்கிறான்.

பெயிண்ட் கடை வைத்திருக்கும் கணவரிடம் புலம்பினார்.

"நீலத்தைக் காட்டிட்டு, நீலம்னு எழுதினா தப்புங்கிறியே. பாவம் பிள்ளைங்க."

"அது சும்மா போட்ட கலருங்க. எலெக்ட்ரானுக்கு நிறமே கிடையாது."

"நிறமே இல்லன்னா அப்புறம் எப்படித்தான் இருக்கும்?"

டீச்சர் விடைத்தாள் கட்டை இழுத்து வைத்துக்கொண்டார். எப்படி இருக்கும்? குழம்பிக் குழம்பிக் கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாத் தாளிலும் தப்புப் போட்டார். வகுப்பு தேறவில்லை. கண்ணாடிகள் பெட்டிக்குள் ஏறிப் போய்விட்டன. அவருக்கு அழுகையே வந்தது.

மறுநாள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, "நீலத்தை மறந்துடுங்க. அதுக்கு நிறம் கிடையாது" என்றார்.

முதல் பெஞ்சு வாயாடி எழுந்தாள். "சரி டீச்சர். நீங்க கண்ண மூடி நினைச்சா அது எப்படி இருக்கிற மாதிரி தெரியுது?"

நியாயமான கேள்விதான். டீச்சர் கண்ணை மூடினார். லேசாக மினுங்கிக்கொண்டு நீலமாக வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் மனதில் இருந்த பழையதைத் தேடினார். இத்தனை வருஷமாக அங்கே என்ன இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.