வாசற்படியில் ஷூ சார்

வலது ஷூவின் நாடாவைப் பாதி அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டுகிறார். கொஞ்சம் யோசித்து, மறுபடியும் அவிழ்க்கிறார். மாலை மணி ஆறு ஆகப்போகிறது. கொலை வழக்குகளைத் துப்பறியும் அதிகாரி ஒருவர் தன் வீட்டு வாசற்படியிலேயே, முதுகு உள்ளேயும் கால் வெளியேயுமாக உட்கார்ந்திருக்கிறார். இன்றோடு ஒன்பது நாள்.

தெருவில் அவருக்குப் பெயர் ஷூ சார். தனக்குத்தானே அவர் போட்டுக்கொண்ட சட்டம்தான் காரணம். ஷூ காலில் இருக்கும்வரை அவர் அதிகாரி. காதில் விழுவதெல்லாம் வாக்குமூலம், நோட்டில் ஏறிவிடும். கழற்றிவிட்டால் வெறும் குடும்பஸ்தர். எதைக் கேட்டாலும் அது வீட்டுப் பேச்சு, வாசலைத் தாண்டாது. கல்யாணமான புதிதில், அவர் ஷூவோடு நிற்பதைக் கவனிக்காமல், பக்கத்து வீட்டுச் செடியில் ஒரு ரோஜாவைப் பறித்ததாக மனைவி உளறிவிட்டார். மறுநாள் சம்மன் வந்தது. கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவர் காலைப் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை.

"ஏங்க, ஷூவைக் கழட்டிட்டீங்களா? அப்படின்னா சொல்றேன்" என்று சமையலறையிலிருந்தே குரல் வரும்.

இருபது வருஷம் சட்டம் நன்றாகத்தான் ஓடியது, மாடியில் இருந்த வீட்டுச் சொந்தக்காரரை யாரோ மண்டையில் அடித்துக் கொல்லும்வரை.

அந்த மனிதரைக் கரித்துக்கொட்டாதவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. எல்லோரும் குளிக்கப் போகும் நேரம் பார்த்துத் தண்ணீரை அடைப்பார். சாவதற்கு முந்தின நாளும் அடைத்தார். தலை நிறைய சோப்பு நுரையோடு குளியலறையில் நின்ற மச்சினன், மனைவியின் ஒரே தம்பி, கண்ணைத் திறக்க முடியாமல் கத்தினான்: "யோவ்! இன்னொரு தடவை அடைச்சுப் பாரு, மண்டையப் பொளந்துடுவேன்!"

அதைக் கேட்டது ஒரே ஆள்தான். வெளியே பல் துலக்கிக்கொண்டிருந்த நம் அதிகாரி.

சாட்சியை விசாரிக்காமல் விடுவாரா? ஸ்டேஷனில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வியை எழுதினார். எழுந்துபோய் அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிலை எழுதினார். மிரட்டலைக் கேட்டீரா? கேட்டேன். அப்போது காலில் ஷூ இருந்ததா? இல்லை ஐயா. சாட்சியம் செல்லாது என்று முடிவுசெய்து இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். பிறகு கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அழுதார்.

மேலதிகாரியிடமும் போய் நின்றார். "சார், இந்தக் கேஸை வேற யாருக்காவது குடுத்துடுங்க. என் வீட்டு ஆளுங்க மேலயே சந்தேகம் வருது."

"அதனாலதான்யா உங்ககிட்ட குடுத்திருக்கு. அவங்களைப் பத்தி உங்களைவிட யாருக்கு நல்லாத் தெரியும்?" என்றார் அவர். "அது கிடக்கட்டும், சட்டை ஏன் இப்படிக் கசங்கியிருக்கு?"

சட்டையில்தான் சங்கதியே இருக்கிறது. செத்தவர் மண்டையில் இருந்த காயம் முக்கோணம். இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அளவு. அன்று முதல் இவர் வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் காணோம். அலமாரியில் அது இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் பளிச்சென்று இருக்கிறது. கட்டடம் முழுக்க இருநூற்றுப் பதினாலு கேள்வி கேட்டுவிட்டார். பெட்டி எங்கே என்ற ஒன்றை மட்டும் கேட்கவில்லை. சட்டையை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துப் படுக்கிறார். தூக்கம் வராமல் புரளுவதால் மடிப்பு கோணல்மாணலாக விழுகிறது.

ஷூவோடு உள்ளே போய், அவர்கள் ஏதாவது சொல்லிவிட்டால் கைதுசெய்ய வேண்டும். கழற்றிவிட்டுப் போய், அப்போது சொல்லிவிட்டால், ஆயுசுக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் வாசற்படி. சாப்பாட்டுத் தட்டும் அங்கேதான் வருகிறது. எல்லோரும் படுத்த பிறகு பூனை மாதிரி உள்ளே போகிறார்.

மச்சினன் தினமும் அவர் காலைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்வருகிறான். "மாமா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பான். ஷூவைப் பார்ப்பான். "அப்புறமா சொல்றேன்."

பத்து வயதில் தாயை இழந்த பையன். அக்காதான் வளர்த்தார். சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தது இவர், சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி. அப்போது வெறுங்காலோடு ஓடியது இன்று ஞாபகத்துக்கு வருகிறது.

மனைவி டீயோடு வந்து பக்கத்தில் உட்காருகிறார்.

"பெட்டி எங்கேன்னு நீங்க கேக்கவே மாட்டீங்களா?"

"கேட்டா நீ சொல்லிடுவியே."

"சொல்லத்தான் வந்திருக்கேன்."

அவர் திரும்பிப் பார்க்கிறார். உள்ளே கூடத்தில் மச்சினன் தலை வாரி, மாற்றுத்துணி வைத்த பையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊருக்குப் புறப்பட்டவன் போல நிற்கிறான். முகம் அழுது வீங்கியிருக்கிறது.

இருபது வருஷச் சட்டம், உத்தியோகம், எல்லாம் நாசமாகப் போகட்டும் என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. அவசர அவசரமாக நாடாவை இழுக்கிறார். "இரு, இரு. கழட்டிடறேன். அப்புறம் சொல்லு." குதிகால் பாதி வெளியே வந்துவிட்டது.

மனைவி டீயைத் தரையில் வைக்கிறார். குனிந்து, அவர் காலைப் பிடித்து மறுபடியும் ஷூவுக்குள் தள்ளி, நாடாவை இறுக்கி இரட்டை முடிச்சுப் போடுகிறார்.