பத்து லிட்டர் பெட்டி

பிரிஜெட்டுக்கு எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒரு எம்பிராய்டரி யூனிட்டில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். கம்ப்யூட்டரில் பிளவுஸ் டிசைன் போட்டு மெஷினுக்கு அனுப்புவது அவள் வேலை; தைத்து வருவதில் பிசிறு வெட்டுவது என் வேலை.

ஓசூரில் இருக்கும் அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது. வாரத்தில் பாதி நாள் அண்ணன் பார்த்துக்கொள்கிறான். வியாழன் முதல் ஞாயிறு வரை பிரிஜெட்டின் முறை. முதலாளி ரகுராம் நல்ல மனுஷன்தான், ஆனாலும் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"கம்ப்யூட்டர எடுத்துட்டுப் போய் அங்கருந்து அனுப்பும்மா. முடியலன்னா அடுத்த மாசம் வேற ஆள் பாக்கணும்."

எங்கள் கம்ப்யூட்டரோ பஸ்ஸில் ஒரு ஆள் இடத்தை அடைக்கும் டவர். அன்றைக்கே அதன் பக்கத் தகட்டைக் கழற்றினாள்.

"சிந்து, இங்க வா. பாதிக்கு மேல காத்துதான்டி இருக்கு. போர்டு இத்துனூண்டு. இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பெட்டி?"

எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ஹரிஷ் என்பவரின் கடைக்குப் போன் போட்டாள். சின்னப் பெட்டிகளின் கொள்ளளவை லிட்டரில்தான் சொல்வார்களாம். பத்து லிட்டரில் ஒன்று இருக்கிறது என்றார். வீட்டுக்குப் போய், பஸ்ஸில் மடியில் வைக்கும் பைக்குள் இரண்டு ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்களை இறக்கிப் பார்த்திருக்கிறாள். ஜிப் மூடியிருக்கிறது.

புதன்கிழமை டவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனோம். ஹரிஷ் கொண்டுவந்து வைத்த பெட்டி கேஸ் அடுப்பு மாதிரி தட்டையாக, நீளமாக இருந்தது. அவள் கொண்டுவந்த பைக்குள் இறக்கினால் நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"பத்து லிட்டர்னீங்களே?"

"பத்துதான் மேடம். லிட்டர் மொத்த அளவுதானே, ஷேப்ப அது சொல்லாதுல்ல."

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. "நாள் பூரா கழுத்துல அளவு டேப்ப மாட்டிக்கிட்டு, எண்ணெய் கேன்ல அளந்துட்டு வந்திருக்கியே, உன்ன என்னன்னு சொல்றது?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. டேப்பை உருவினாள். கடையிலிருந்த சின்னப் பெட்டி ஒவ்வொன்றையும் அளந்து பழைய பில்லின் பின்பக்கம் எழுதினாள். ஸ்டூலில் உட்கார்ந்து, பஸ்ஸின் முன்சீட்டுக்குப் பதிலாக என்னை எதிரே நிறுத்தி, மடியையும் அளந்தாள். ஹரிஷுக்கே ஆர்வம் தொற்றிக்கொண்டது. கடைசியில் எட்டு லிட்டரில் ஒரு கட்டையான பெட்டி சரியாக வந்தது. ஆனால் போர்டின் மேல் உட்கார்ந்திருந்த ஃபேன் உயரம், மூடி மூடவில்லை.

"சொல்ப, கொஞ்சம் குள்ளமான ஃபேன் போட்டுக்கலாம் மேடம்."

"சூடாகாதா?"

"எம்பிராய்டரிக்குத் தாங்கும்."

"எப்படித் தெரியும்?"

எல்லாவற்றையும் அதில் மாட்டச் சொல்லி, எங்கள் டிசைன் ஒன்றை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, தகட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த பிறகுதான் வாங்கினாள். நின்று நின்று எனக்குக் கால் கடுத்துப் போனது.

மறுநாள் மத்தியானம் ஓசூரிலிருந்து வீடியோ காலில் வந்தாள். மடியிலேயே வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாளாம். மானிட்டருக்கு வீட்டு டி.வி. போதும். பெட்டியை எங்கே வைப்பது என்று அறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலில் இருந்த அப்பா, அது எதற்கு என்று கேட்டார்.

"வேலை செய்யப்பா. இனிமே நாலு நாளும் இங்கருந்தேதான்."

அவர் கட்டிலோரத்து மேசையிலிருந்த மாத்திரை டப்பா, தண்ணி பாட்டில், கண்ணாடிக் கூடு என்று ஒவ்வொன்றாக நல்ல கையால் எடுத்துப் படுக்கையில் வைத்தார். வெகு நேரம் பிடித்தது. அவள் உதவப் போகவில்லை.

"இடம் போதுமாம்மா?" என்றார் குழறலாக.

"தாராளமா இருக்குப்பா," என்றாள் பிரிஜெட்.