தங்கமாரிக்குச் சொன்ன படம்

போன வாரம் ஒரு சாயங்காலம், சமைக்கத் தோன்றாமல், மந்திரப் பள்ளிப் பிள்ளைகளின் கடைசிப் படத்தைக் கைபேசியில் பார்த்து முடித்தேன். முடிந்ததும் ‘உங்கள் விமர்சனத்தை எழுதுங்கள்’ என்று வந்தது. சண்டை நீளம், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று எழுதினேன். மேலே ஓடவில்லை. படத்தை வாயால் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

அந்தப் படங்கள் தியேட்டருக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். பக்கத்து இருக்கை தங்கமாரி, சுந்தரபாண்டியத்துக்காரி. அந்தத் தொடரில் எந்தப் பாகம் வந்தாலும் முதல் ஞாயிறு மேட்னிக்கு இருவரும் போய்விடுவோம். தியேட்டருக்குள் வறுகடலையும் பினாயிலும் கலந்த வாசனை. இன்றைக்கும் பினாயில் வாடை அடித்தால் எனக்கு ஆஸ்பத்திரி நினைவு வராது, பறக்கும் துடைப்பம்தான் வரும். பஸ் ஸ்டாண்டு வரை நான் விமர்சனம் செய்துகொண்டே நடப்பேன். கிராபிக்ஸ் சரியில்லை என்பேன், என்னவோ நானே உட்கார்ந்து வரைந்தவள் மாதிரி.

“எம்புட்டுப் பேசுனாலும் அழுதது நீதான்” என்பாள் அவள்.

அவள் கல்யாணமாகி மகாராஜபுரம் போனாள். மாப்பிள்ளை ராணுவம். மாமியார் சினிமாவுக்கெல்லாம் அனுப்ப மாட்டார். அடுத்த பாகத்துக்கு நான் தனியாகப் போனேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது.

“ஏட்டி, ஒண்ணு விடாமச் சொல்லு. அத்தை வயலுக்குப் போயிருக்காவ.”

கேன்டீனுக்குப் பின்னால் நின்று சொன்னேன். தூக்குவாளியைத் திறக்கவே இல்லை. பாதியில் நிறுத்தினாள்.

“செத்த நேரம் இரு. இதுல யாரும் சாகுறாவளா?”

எல்லைப் பக்கம் போன அவள் கணவன் பத்துப் பன்னிரண்டு நாளாகப் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். படத்திலோ, எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த ஒருவன் சண்டையில் செத்துப்போகிறான்.

“இல்லட்டி. அடி பலம். பொழச்சுக்கிருதான்.”

“பொறவு?”

பிழைக்க வைத்துவிட்டதால், மீதிக் கதை முழுக்க அவனுக்கு நான்தான் வேலையும் வசனமும் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த வாரமே கணவன் பேசிவிட்டான். சில மாதம் கழித்து அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். அன்றைக்கே கூப்பிட்டாள்.

“அவன் செத்துட்டான்ல.”

நான் வாயைத் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள்.

“நீ சொன்னப்பவே தெரியும். பொய் சொன்னா வேகமாப் பேசுவ. அன்னைக்கு எனக்கு அது வேண்டியிருந்துச்சு.”

கடைசிப் பாகத்துக்கு எப்படியாவது வாரேன் என்றாள். அது வருவதற்குள் கணவன் அவளை வடக்கே, குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போய்விட்டான். முதலில் வாரம் ஒருமுறை பேசினோம், பிறகு பொங்கலுக்கு, பிறகு எண் மாறிப்போனது. கடைசிப் பாகம் வந்தபோது தியேட்டர் வாசல் வரை போனேன். போஸ்டரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தத் தியேட்டரை இடித்து ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள். மில்லில் பேக்கிங்குக்கு மிஷின் வந்து, நாங்கள் உட்கார்ந்த வரிசையே இல்லை. போன வாரம் கைபேசியில் அந்தக் கடைசிப் படம் பார்த்த இரண்டாம் நாள், கூமாப்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போனவள், அப்படியே மகாராஜபுரத்தில் இறங்கி அவள் மாமியார் வீட்டை விசாரித்தேன். பூட்டிக் கிடந்தது.

“அவிய எல்லாரும் வடக்கயே தங்கிட்டாவ” என்றாள் அடுத்த வீட்டுப் பெண். “நீங்க யாரு?”

கூட வேலை பார்த்தவள் என்றேன்.