சித்தி ஹாஜராவும் கம்பி வழக்கும்

சூலியா தெருவில் கப்பல் கயிறு விற்ற ஷேக் அலாவுதீனைச் சித்தி ஹாஜரா மணந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது, அவருக்கு முப்பத்தாறு. கடைக்கு மேலேயே வீடு. அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் அது ஏச்சாகத்தான் இருக்கும். வீட்டின் பின்னறைக்குள் அவர் போய்க் கதவடைத்துக்கொண்டால் யாரும் கூப்பிடக் கூடாது என்பது முதல் வாரமே போட்ட சட்டம்.

நான்கு வருடமாகியும் பிள்ளை இல்லை. அடிவயிற்று வலி மட்டும் மாதம் தவறாமல் வந்தது. அலாவுதீனின் தாயார் அவளை மலடி என்று அவள் காதுபடவே சொன்னார். வீட்டுக்கு வரும் பெண்களிடமும் சொன்னார். அலாவுதீன் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பின்னறைக் கதவின் தாழ் சரியாக விழவில்லை. பாய் எடுக்கப் போன ஹாஜரா கதவைத் தள்ளினாள். அலாவுதீன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கொதிநீர்ச் சட்டி, எண்ணெய்க் கிண்ணம். நுனி வளைந்த வழவழப்பான எஃகுக் கம்பி ஒன்றைத் தன் உறுப்பின் துவாரத்துக்குள் பாதிவரை விட்டிருந்தார். கண்கள் மூடியிருந்தன. வாய் திறந்து ஒரு பெருமூச்சு வந்தது. அது வலியின் மூச்சா, வேறெதுவுமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

“கதவைச் சாத்திட்டுப் போ” என்றார் அவர். அவ்வளவுதான். அன்று இரவும் விளக்கம் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. அவள் கேட்டதற்குக் கன்னத்தில் அறைதான் கிடைத்தது.

வீங்கிய கன்னத்தோடு அவள் தன் காக்கா சீனி முகம்மதுவின் வீட்டுக்குப் போனாள். காக்கா என்று அவள் கூப்பிடும் அந்த அண்ணன் அவளைவிட எட்டு வயது மூத்தவர். மச்சானோடு அவருக்கு ஏற்கெனவே ஆகாது. அவள் அவருடைய மனைவியிடம் மட்டும் மெல்லச் சொன்ன விஷயத்தைக் காக்கா காப்பிக்கடைவரை கொண்டுபோனார். கட்டின பெண்டாட்டியை விட்டுவிட்டுக் கம்பியோடு சுகம் அனுபவிக்கிறவன் என்று அலாவுதீனுக்குப் பெயர் வந்தது. படகுக்காரர்கள் கடை வாசலில் நின்று கயிற்றின் விலையோடு கம்பியின் விலையையும் கேட்டார்கள். சீனி முகம்மது அதோடு நிற்கவில்லை. தங்கைக்கு மணவிலக்கு வேண்டுமென்று காஜியாரிடம் வழக்கும் வைத்தார்.

அலாவுதீன் தன் பக்கத்துச் சாட்சியாக அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர் ஐயாத்துரையை அழைத்துவந்தார். ஐயாத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரியில் அலாவுதீனைக் கண்டாலே முகம் சுளிப்பவர். ஆனாலும் அவர் உண்மையைச் சொன்னால் தன் மானம் மீளும் என்று அலாவுதீன் நம்பினார்.

காஜியார் வீட்டுக் கூடத்தில் ஆண்கள் நிறைந்திருந்தார்கள். ஹாஜரா திரைக்குப் பின்னால் இருந்தாள். ஐயாத்துரை யாரையும் பார்க்காமல் பேசினார்.

“ரெண்டு விதமான ஆக்கள் எங்களிட்ட வருவினம். சுகத்துக்கெண்டு மெழுகுதிரி, ஊசி எண்டு உள்ள விட்டுட்டு எடுக்கேலாமல் வாறவை ஒரு விதம். நானே எடுத்து விட்டிருக்கிறன். இந்தாள் அந்த விதமில்லை. இவருக்கு வெட்டை நோய் வந்து மூத்திரப் பாதை சுருங்கிப் போச்சு. கம்பி விட்டு அகட்டாட்டில் மூத்திரம் அடைச்சுச் செத்துப்போவார்.”

அலாவுதீன் நிமிர்ந்து உட்கார்ந்து சீனி முகம்மதுவைப் பார்த்தார்.

இந்த நோய் எப்போது வந்தது என்று காஜியார் கேட்டார்.

“ரங்கூனில வாங்கினதாம். கலியாணத்துக்கு முந்தியே எங்களிட்ட வந்தவர். கம்பி விடப் பழக்கினது நான்தான். நோய் இன்னும் உள்ளுக்க கிடக்கு, பொம்பிளைக்குத் தொத்தும், இப்ப கலியாணம் கட்ட வேண்டாம் எண்டு டொக்டர் சொன்னதைத் தமிழில சொன்னதும் நான்தான். தலையாட்டிப்போட்டுப் போனவர்.”

அலாவுதீன் அவரை வாயை மூடச் சொன்னார். “நீர்தானே என்னைக் கூட்டிவந்தனீர்” என்றார் ஐயாத்துரை.

திரைக்குப் பின்னாலிருந்து ஹாஜரா பேசலாமா என்று கேட்டாள், காஜியார் அனுமதித்தார்.

“கம்பியைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லைங்க. வலியைக் கொடுத்தது இவரு. அது தெரிஞ்சும், என்னை மலடின்னு ஏசினப்ப பக்கத்துல உக்காந்து சோறு தின்னாரு. இனி இந்த ஆளோட ஒரு கூரைக்குக் கீழ இருக்கமாட்டேன்.”

அலாவுதீன் தானாகத் தலாக் சொல்லவில்லை. காஜியாரே மணத்தை முறித்துவைத்தார்.

ஆஸ்பத்திரியில் பெண்களைப் பார்க்கும் டாக்டர் அவளைச் சோதித்தார். தொற்றிய நோய் கருப்பைவரை கெடுத்துவிட்டது, மருந்தில் வலி குறையும், பிள்ளை பிறக்காது என்றார். காக்கா வேறொரு வரன் பார்க்கிறேன் என்று வந்தபோது, தன் கதையைக் காப்பிக்கடையில் விற்றவர் தனக்கு வரன் பார்க்க வேண்டாமென்றாள். அதன்பின் இருவரும் பெருநாளுக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். அவள் குவீன் தெருவில் ஓர் அறை பிடித்து, பெண்கள் போடும் கெபாயாச் சட்டை தைத்துப் பிழைத்தாள்.

இரண்டு வருடம் கழித்து, கடலுக்கு அக்கரையில், தாசேக் கெலுகோரில் ரொஸ்னா என்ற பெண்ணை அலாவுதீனுக்குப் பேசியிருப்பதாகக் கேள்விப்பட்டாள். மறுநாளே கப்பலேறி அக்கரைக்குப் போனாள். ரொஸ்னாவின் தாயை அடுப்படியில் உட்கார்த்தி, வாயால் சொல்லக் கூசும் வார்த்தைகளையெல்லாம் கூசாமல் சொன்னாள். அந்த அம்மாள் அவளைப் பொறாமை பிடித்தவள், வெட்கங்கெட்டவள் என்று வாசல்வரை துரத்தினார். தண்ணீர்கூடத் தரவில்லை. ஆனால் கல்யாணப் பேச்சு முறிந்தது.

அலாவுதீன் குவீன் தெருவுக்கு வந்து, அவள் வாசலில் நின்று, தெருவே கேட்க வைதார். ஹாஜரா தையல் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

“எந்தக் கம்பத்துல, எந்த ஊருல பொண்ணு கேட்டாலும் நான் போவேன். நடக்க முடியலைன்னா கரேத்தா வண்டி வச்சிக்கிட்டுப் போவேன்” என்றாள்.

அவர் அதற்குப் பிறகு பெண் கேட்கவில்லை. வாரம் தவறாமல் பின்னறையில் கதவடைத்துக்கொண்டு பதினோரு வருடம் உயிரோடிருந்தார். அவர் மவுத்தான செய்தியைச் சொல்ல வந்தவர்களிடம், தைத்து முடிக்க வேண்டிய துணி இருக்கிறது என்றாள் ஹாஜரா.