உறை பிரிக்காத கொரியப் படங்கள்

கொரியாவிலிருந்து மாதம் ஒரு பெட்டி, சுவிஸில் பீல் நகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது, மகளின் பெயருக்கு. உள்ளே ஒரு படத்தின் டிஸ்க். அவள் அதை அலமாரியில் நிறுத்தி வைப்பாளே தவிர, மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைக் கிழித்து நான் கண்டதில்லை.

"பாக்காமல் வைக்கிறதுக்கு ஏன் பிள்ளை வாங்கிறாய்?"

"படத்தை இன்டர்நெட்டில பாத்திட்டன் அப்பா. இது சேர்க்கிறதுக்கு. நம்பர் போட்டு, அளவாத்தான் வெளியிடுறவங்கள். உடைச்சால் மதிப்புப் போயிடும். இப்ப எல்லாரும் இப்பிடித்தான்."

எல்லாரும் இப்படித்தானாம்! நாங்கள் வாங்கின காலத்தில் தமிழ்க் கடையில் ஒரு டிஸ்கில் மூன்று படம் இருக்கும். தியேட்டரில் களவாய்ப் பிடித்த படமென்பதால், எவனோ எழும்பிப் போகிற தலையும் சேர்ந்து தெரியும். அதையே பஸ்ஸுக்குள் வைத்துப் பிரித்துவிடுவோம். இருபத்துமூன்று வயதுப் பிள்ளை காசு கொடுத்து வாங்கிவிட்டுப் பிரிக்காமல் வைக்கிறாள் என்றால் நான் நம்புவேனா? எவனோ ஒரு பெடியன் அங்கிருந்து அனுப்புகிறான் என்றே என் மனம் சொன்னது.

அதே பிள்ளைதான் ஞாயிறு மத்தியானம் என் பக்கத்தில் இருந்து கொரியப் படம் போடுவாள். கீழே ஜேர்மன் எழுத்து ஓடுகிற வேகத்துக்கு என்னால் வாசிக்க முடியாது. அவள் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். வாரம் முழுக்க அவள் என்னோடு கதைப்பது அந்த இரண்டு மணித்தியாலம்தான். அதற்காகவே சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு சோபாவில் வந்து குந்துவேன்.

ஆனாலும் என் மூளை சும்மா கிடக்கவில்லை. நான் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முகப்புத் தட்டில் தூசி தேடுகிறவன். பிழை பிடித்தே சம்பளம் வாங்குகிறவன். ஒரு நாள் அவள் வேலைக்குப் போன பிறகு, ஒரு பெட்டியின் பிளாஸ்டிக்கை மெல்லிய பிளேட்டால் ஓரமாகக் கீறினேன். உள்ளே, நினைத்தபடியே, ஒரு பெடியனின் போட்டோ! பின்பக்கத்தில் கையால் எழுதினதுபோலக் கொரிய எழுத்து. அதை மனைவியிடம் கொண்டோடினேன்.

அவள் சிரித்த சிரிப்பு! "ஐயோ, உது போன மாசம் பாத்த படத்தில பொலிஸாய் வந்த நடிகன். நீங்களும் இருந்து அழுதனீங்கள். எல்லாப் பெட்டிக்கையும் இப்பிடி ஒண்டு போடுவாங்களாம்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதாவது மகளிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு எங்கே புத்தி! போட்டோவைத் திரும்ப உள்ளே வைத்து, மனைவி தலைமயிர் காயவைக்கிற மிஷினைப் பிடித்து, சூட்டில் பிளாஸ்டிக்கைத் திரும்ப ஒட்டவைத்தேன். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகி வெட்டுத் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை.

அன்று பின்னேரமே மகள் பிடித்துவிட்டாள். பிளாஸ்டிக்குக்கு உள்ளே, கறுப்பு அட்டையில், ஒரு பெருவிரல் அடையாளம். தொழிற்சாலையில் விரலுக்கு ரப்பர் உறை போடாமல் ஒன்றையும் தொடாதவன் நான். வீட்டில் அதை மறந்துபோனேன்.

"அப்பா, நீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. தபாலில அப்பிடி வந்திருக்கும்."

என் பெருவிரலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஓம்," என்றாள்.

அடுத்த மாதம் பெட்டி வரவில்லை. ஞாயிறு தலையிடி என்றாள். அதற்கடுத்த ஞாயிறு சிநேகிதி வீடு என்றாள். எனக்குத் திரும்பவும் சந்தேகம்.

"அவள் இப்ப படம் ஒண்டும் வாங்கிறதில்லையோ?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"வாங்கிறாள். துன் டவுனில இருக்கிற சிநேகிதி வீட்டுக்கு வருது," என்றாள் மனைவி. "புதுசு வந்தால் எனக்குக் கொண்டுவந்து காட்டுறவள். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவள்."